கேமராவுக்குள் குடியேறிய தூசி

ஃபிலிம் கேமராவில் தூசிக்கு ஆயுள் குறைவு. ஒரு படம் எடுத்துவிட்டு லீவரைத் தள்ளினால் அந்தத் துண்டு நகர்ந்துவிடும். புதிதாக இன்னொன்று வந்து நிற்கும். 35 எம்எம் ரோலில் 36 தடவை, யாஷிகா மாதிரியான இரட்டை லென்ஸ் கேமராவில் போடும் 120 ரோலில் 12 தடவை, ஒளி விழும் பரப்பே மாறிக்கொண்டிருக்கும். மூன்றாவது படத்தில் ஒட்டிய துகள் அந்தப் படத்தோடு சுருண்டு போகும். நான்காவதற்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ரோல் டப்பியின் வாயில் இருக்கும் வெல்வெட்டிலோ, ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டிலோ ஒரு மணல் பருக்கை சிக்கினால் மட்டும் ரோல் நெடுக ஒரு கோடு கிழிபடும். மற்றபடி படமெடுப்பவர் தூசியைப் பார்த்துத் துடைத்த இடம் லென்ஸின் முன்கண்ணாடி ஒன்றுதான்.

தூசியோடு மல்லுக்கட்டியவர் வேறொருவர். ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். ‘டச்சிங்’ என்று அந்த வேலைக்குப் பெயர். பெயர்ப் பலகையில் அவர் இருக்க மாட்டார். கல்யாண வீட்டுக்கும் வர மாட்டார். எங்கள் ஊரில் அந்த வேலை செய்தவர் ஜன்னலோரம் சாய்வான ஒரு பலகை வைத்திருந்தார். பலகையின் நடுவில் பால்கண்ணாடி, அதன் மேல் நெகட்டிவ். பென்சிலை உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசி மாதிரி நீளமாகச் சீவி வைத்திருப்பார். பென்சில் பிடிக்கும்படி நெகட்டிவின் மேல் ஒரு திரவத்தைத் தடவிக் காயவிடுவார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, தொட்டதும் தெரியாமல் விட்டதும் தெரியாமல் புள்ளி புள்ளியாக வைப்பார். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

அவருக்கு இரண்டு வகைப் புள்ளிகள். படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழ வைக்கும் என்லார்ஜரில் நெகட்டிவ் மேல் தூசி இருந்தால் அது காகிதத்துக்குப் போகும் ஒளியை மறைக்கும், பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய பிரஷ்ஷால், தண்ணீர் கலந்த மையைத் தொட்டு அடைத்துவிடலாம். படமெடுக்கும்போதே ஃபிலிம் மேல் தூசி இருந்தால் கதை தலைகீழ். அந்த இடத்தில் நெகட்டிவ் வெறுமையாக நிற்கும், பிரிண்டில் கறுப்புப் புள்ளி விழும். கறுப்பை மை வைத்து மறைக்க முடியாது. பிளேடு முனையால் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் நெகட்டிவிலேயே அந்த வெறுமையைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். இந்த இரண்டாவது வகை அபூர்வமாகத்தான் வரும். டிஜிட்டல் வந்த பிறகு நமக்கு வாய்த்ததெல்லாம் அந்தக் கறுப்புப் புள்ளிதான்.

நிக்கான் டி1 வந்தது 1999இல். 27 லட்சம் பிக்சல். அதன் விலையைக் கேட்டே பலர் நகர்ந்துவிட்டார்கள். 2003இல் கேனான் 300டியும் 2004இல் நிக்கான் டி70யும் வந்த பிறகுதான் சிறிய ஊர் ஸ்டூடியோக்களுக்கும் டிஜிட்டல் எட்டியது. ரோல் செலவு இல்லை, கழுவும் செலவு இல்லை, எடுத்த படத்தை அங்கேயே பார்க்கலாம். அந்த மகிழ்ச்சியில் ஒரு மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. ஒளி விழும் பரப்பு இனி மாறாது. முதல் படத்துக்கும் ஐம்பதாயிரமாவது படத்துக்கும் அதே ஒரு சென்சார். அதில் வந்து உட்கார்ந்த தூசி தானாகப் போகாது.

“அண்ணே, வானத்துல ஒரு புள்ளி நிக்குது. எல்லாப் படத்துலயும் அதே இடத்துல நிக்குதுண்ணே.”

“லென்ஸைத் துடைச்சியா?”

“துடைச்சேன். வேற லென்ஸும் மாட்டிப் பார்த்துட்டேன்.”

அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லா ஸ்டூடியோவிலும் நடந்திருக்கக்கூடிய பேச்சு இது. லென்ஸை மாற்றியும் போகாத புள்ளி கேமராவுக்குள் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளவே சில நாள் பிடித்தது.

எங்கிருந்து வருகிறது? கல்யாண மண்டபத்தில் கேட்கவே வேண்டாம். ஓமப்புகை, அட்சதை மஞ்சள், சந்தனத்தூள், பூவின் மகரந்தம், பட்டுச் சேலை இழை. லென்ஸ் மாற்றும் சில நொடியில் இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே போய்விடும். லென்ஸைக் கழற்றாவிட்டாலும், ஜூமை நீட்டி மடக்கும்போது அது துருத்தி மாதிரிக் காற்றை இழுத்து உள்ளே தள்ளும். கேமராவே உண்டாக்கும் அழுக்கும் உண்டு: ஷட்டர் இதழ்கள் உரசி உதிரும் துகள், மசகு எண்ணெயின் நுண் திவலை. தூசி வட்டமாகவும், இழை வளைந்த கோடாகவும், எண்ணெய் ஓரம் கறுத்த வளையமாகவும் படத்தில் தெரியும். பழகிய கண் புள்ளியின் வடிவத்தைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடும்.

உள்ளே மண்டபத்தில் எடுத்த படங்களில் ஒன்றும் தெரியாமல், வெளியே கோயில் கோபுரத்தின் முன்னால் எடுத்ததில் மட்டும் புள்ளிகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறைய. காரணம் சின்னக் கணக்குதான். தூசி சென்சாரின் மேல் உட்காருவதில்லை, அதன் முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல் உட்காருகிறது. இரண்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துளையை அகலத் திறந்த எஃப் 2இல் ஒரு பிக்சலுக்கு வரும் ஒளி, அந்தக் கண்ணாடியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தின் வழியாக வருகிறது. அதில் 0.05 மில்லிமீட்டர் துகள் மறைப்பது கால் சதவீதம் ஒளிதான். யார் கண்ணுக்கும் தெரியாது. துளையைச் சுருக்கிய எஃப் 22இல் அந்த வட்டம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறுகிவிடும். அதே துகள் இப்போது 30 சதவீதம் ஒளியை விழுங்கிவிடும். வெயிலில் துளையைச் சுருக்கி எடுத்த நீல வானம்தான் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. மண்டபத்துப் பட்டுச்சேலைக் கூட்டமும் பூ அலங்காரமும் மறைத்துவிடுகின்றன.

புள்ளியை யார் எடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. கையேடு தெளிவாகச் சொன்னது: ரப்பர் ப்ளோயரால் ஊதிப் பாருங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், சென்சாரைத் தொடாதீர்கள். கீறல் விழுந்தால் ஆகும் செலவில் இன்னொரு கேமராவே வாங்கிவிடலாம் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. சர்வீஸ் சென்டர் பெரிய நகரத்தில் இருக்கும். கேமராவைக் கொடுத்துவிட்டு வந்தால் திரும்பி வர நாளாகும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் பார்ப்பவர் எப்படிக் கொடுப்பார்? ஆடியும் மார்கழியும் வரும்வரை புள்ளியோடு காலம் தள்ளுவார்.

பொறுக்க மாட்டாதவர்கள் கையில் கிடைத்ததை வைத்து முயன்றார்கள். வாயால் ஊதினால் எச்சில் திவலை போய் ஒட்டிக்கொள்ளும். தூசியைவிட அதைப் போக்குவது கஷ்டம். காது குடையும் பட்ஸ் பஞ்சிழையை விட்டுவிட்டு வரும். மூக்குக் கண்ணாடித் துணியில் தோலின் எண்ணெய் இருக்கும். கம்ப்யூட்டர் சுத்தம் செய்யும் காற்று டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சியடித்து உறைந்து, படலம் படலமாகக் கறை விடும். மருந்துக்கடை ரப்பர் பல்பு சிலவற்றின் உள்ளே ஒட்டாமலிருக்கத் தூவிய பவுடர் இருக்கும். ஊதினால் அந்தப் பவுடரும் சேர்ந்து போகும். வீட்டில் சுத்தம் செய்வது ஆபத்து என்ற பெயர் வந்ததற்கு இந்தச் சாமான்கள்தான் காரணம்; வேலையின் மேல் பழியில்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

பயம் தெளிந்தது ஓர் உண்மை பரவிய பிறகுதான். துடைக்கிறவர் சென்சாரைத் தொடுவதே இல்லை. சென்சாரின் சிலிக்கானுக்கு முன்னால், அகச்சிவப்பை வடிகட்டுவதற்கென்று ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. துடைக்கும் குச்சியான ஸ்வாப் படுவது அதன் மேல்தான். லென்ஸின் கண்ணாடியை எத்தனை மரியாதையோடு துடைப்போமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதல் மரியாதை போதும். அமெரிக்காவின் ஃபோட்டோகிராஃபிக் சொல்யூஷன்ஸ் நிறுவனம் சென்சார் அகலத்துக்கே அளவெடுத்த தட்டையான ஸ்வாப்பும், மெத்தனாலில் செய்த எக்லிப்ஸ் திரவமும் விற்றது. மெத்தனால் நொடியில் ஆவியாகும், சுவடு விடாது. நஞ்சு, தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில்தான் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். முதலில் சோதனைப் படம். எஃப் 22, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸ் மங்கல். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, படம் பதிவாகும் நேரத்தில் கேமராவை இலேசாக அசைக்க வேண்டும். திரையில் இருக்கும் அழுக்கெல்லாம் கலங்கிப் போகும், சென்சாரில் இருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும், ஏனென்றால் லென்ஸ் உலகத்தைத் தலைகீழாகத்தான் உள்ளே விழ வைக்கிறது. இடமும் வலமும்? நாம் முன்பக்கத்திலிருந்து பார்ப்பதால் அவை மாறுவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேல் மூலையையே திரும்பத் திரும்பத் துடைப்பவர்கள் உண்டு.

பிறகு இடம். நம் வீடுகளில் முதல் எதிரி சீலிங் ஃபேன். அதை நிறுத்தி, தூசி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கையைக் கழுவி, வியர்வை ஆறிய பிறகு உட்கார வேண்டும். டிஎஸ்எல்ஆரில் மிரரைத் தூக்கி நிறுத்தும் வசதி மெனுவில் இருக்கும். பேட்டரி முழுதாக இருந்தால்தான் அதில் கை வைக்கலாம். பாதி வேலையில் சார்ஜ் தீர்ந்தால் மிரரும் ஷட்டரும் ஸ்வாப்பின் மேலேயே விழும். பழைய கேமராக்கள் சிலவற்றில் ஏசி அடாப்டரைச் செருகினால்தான் அந்த வசதியே திறக்கும். சொல்லாமல் கரண்ட் போகும் ஊரில் அதை நம்பி எப்படி உள்ளே கையை விடுவது? அப்படிப்பட்ட கேமரா வைத்திருந்தவர்கள் இன்வெர்ட்டர் உள்ள வீட்டைத் தேடிப் போனார்கள்.

கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ப்ளோயரால் கீழிருந்து மேலாக ஊதுவது முதல் படி. முனை உள்ளே நுழையக் கூடாது. பெரும்பாலான தூசி இதிலேயே விழுந்துவிடும், மறுபடி சோதனைப் படம் எடுத்தால் தெரியும். போகாதது மகரந்தமும் எண்ணெயும் காய்ந்த ஈரமும்தான். அவற்றுக்குத்தான் ஸ்வாப். ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, ஊறுவதற்குச் சில நொடி கொடுக்க வேண்டும். கூடுதலாக நனைந்தால் கோடு கோடாகத் தடம் விடும். சென்சாரின் ஒரு விளிம்பில் வைத்து, ஸ்வாப்பின் கழுத்து கொஞ்சம் வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, மறு விளிம்புவரை ஒரே இழுப்பு. நடுவில் தூக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. ஸ்வாப்பின் மறுபக்கத்தால் வந்த வழியே திரும்ப ஓர் இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. விலையை நினைத்து இன்னொரு தடவை தேய்த்தால், முதல் இழுப்பில் அது எடுத்து வந்த மணல்தான் கண்ணாடியைக் கீறும். முதல் ஸ்வாப்பில் எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்; இரண்டு மூன்று செலவாவது சாதாரணம்.

பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் வேலை இப்படித்தான் படமெடுப்பவர் கைக்கு வந்தது. மூச்சை அடக்குவதும் முனையில் மட்டும் அழுத்தம் கொடுப்பதும் மாறவில்லை. அவர் ஒரு படத்தைத் திருத்தினார். இந்தத் துடைப்பு இனி எடுக்கப்போகும் படத்தையெல்லாம் திருத்தும்.

இதற்கிடையில் கேமராக்களே தூசியை உதறக் கற்றுக்கொண்டன. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 இதற்கு முன்னோடி. சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி. சுவிட்சைப் போட்டதும் நொடிக்கு 30,000 தடவைக்கு மேல் அது அதிரும். உதிரும் தூசியைக் கீழே ஒரு பசை நாடா பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் வர மூன்று வருடம் ஆனது: 2006இல் கேனான் 400டி, சோனி ஆல்ஃபா 100, பென்டாக்ஸ் கே10டி, 2007இல் நிக்கான் டி300. உலர்ந்த தூசிக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒட்டிக்கொண்டதை எந்த அதிர்வும் அசைக்காது. 2012இல் வந்த நிக்கான் டி600 இதற்குச் சாட்சி. படத்தின் இடது மேல் பகுதியில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போவதாக வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். 2013இல் புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014இல் டி600 வைத்திருந்தவர்களுக்கு நிறுவனம் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றிக் கொடுத்தது. உலகம் முழுக்கப் பலர் ஸ்வாப் பிடிக்கப் பழகியது அந்தக் கேமராவால்தான் என்று நினைக்கிறேன்.

மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததும் மறுபடி எல்லாம் மாறியது. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து சென்சார்வரை 46.5 மில்லிமீட்டர், நடுவில் மிரர், அதன் பின்னால் மூடிய ஷட்டர். இப்போதைய இசட் மவுண்டில் 16 மில்லிமீட்டர்தான், நடுவில் ஒன்றும் இல்லை. லென்ஸைக் கழற்றினால் சென்சார் முகத்துக்கு நேரே பளபளக்கிறது. தூசி வரும் வழி குறுகிவிட்டது, நம் கை போகும் வழியும் சுலபமாகிவிட்டது. மிரரைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை. 2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடித் திரை போட்டுக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இதழ்கள் விரல் பட்டாலே மடங்கிவிடும், கிட்டத்தில் வைத்துப் பலமாக ஊதுவதும் ஆகாது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய சென்சாரையே மிதக்க விட்டிருக்கும் மாடல்களில் இன்னொரு சிக்கல்: கேமராவை ஆஃப் செய்திருந்தாலும் ஸ்வாப் பட்டதும் சென்சார் இலேசாக நழுவும். டிஎஸ்எல்ஆரில் பழகிய அழுத்தம் இங்கே அதிகம்.

துடைக்காமலே சமாளிக்கும் வழியும் பெரிதாகிவிட்டது. 2002இல் ஃபோட்டோஷாப் 7இல் ஹீலிங் பிரஷ் வந்தது. 2013இல் லைட்ரூம் 5, படத்தைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக்கிப் புள்ளிகளைத் தனியே காட்டத் தொடங்கியது. தூசி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதால், ஒன்றில் திருத்தியதை மற்றவற்றுக்கு நகலெடுத்துப் போட்டுவிடலாம். வானமும் வெறும் சுவரும் இதற்கு இடம் கொடுக்கும். அதே புள்ளி அடுத்த படத்தில் காஞ்சிபுரச் சேலையின் பார்டர் மேல் விழுந்தால் ஜரிகைக் கட்டம் உடைந்து நிற்கும். இரண்டாயிரம் படம் உள்ள கல்யாணத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்ப்பதைவிட, முந்தின நாள் ப்ளோயருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது எவ்வளவோ மேல்.

கல்யாணத்தில் வீடியோவுக்கு மதிப்பு கூடிய பிறகு இந்த வாதமே தேவைப்படவில்லை. நிழற்படத்தில் கண் தாண்டிப் போய்விடும் புள்ளி, வீடியோவில் தப்பாது. கேமரா நகர நகரப் பின்னணியெல்லாம் ஓடும். புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஏறி இறங்கும். நொடிக்கு 25 சட்டகம், அத்தனையிலும் அதை நிரப்ப வேண்டும். இன்று இருபது வயதில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் செல்போன் கேமராவில் கற்றுக்கொண்டவர்கள். மூடி ஒட்டிய அந்தப் பெட்டிக்குள் துடைக்க ஒன்றும் இல்லை. லென்ஸ் கழற்றும் கேமராவை முதல் தடவை கையில் எடுக்கும்போது, சென்சாரில் தூசி உட்காரும் என்பதையே யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் பெரும்பாலும் வாங்குவது யாரோ வைத்திருந்த கேமராவைத்தான். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேட்கிறார்கள், லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். அதோடு எஃப் 22இல் ஒரு வெள்ளைப் படமும் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். விற்பவர் முன்னாலேயே ஊதச் சொல்லுங்கள், ஸ்வாப் போடச் சொல்லுங்கள், மறுபடி எடுங்கள். இடம் மாறியதும் காணாமல் போனதும் தூசி. துடைத்த பிறகும் அதே இடத்தில் அதே வடிவத்தில் ஒரு மெல்லிய கோடு நின்றால் அது கண்ணாடியில் விழுந்த கீறல், இல்லையென்றால் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்ட அழுக்கு. இரண்டும் வீட்டில் சரியாகாது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கேமராவை வாங்காதீர்கள்.